மாமாவின் பெட்டிகள்

பாபு,

நன்றாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் பைக் ஓட்டாதே. போன் எடுக்காவிட்டால் பரவாயில்லை, இதையாவது முழுக்கப் படி.

மாமாவின் கருமாதிச் சடங்கு, பண்டான், அடுத்த மாதக் கடைசி ஞாயிறு என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். நீ வருவாய் என்று ஊர்த்தலைவர் மாஞ்சியிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். வராமல் இருப்பாயா என்ன?

அவர் தகரப் பெட்டிகளைத் திறந்தோம். அத்தனையும் நோட்டுகள். கல்யாண வீடுகளில் கிழவிகள் பாடிய டோங் பாட்டுகள், விடுகதைகள், வெள்ளைக்காரனை எதிர்த்து சிதோ கான்ஹு நடத்திய ஹூல் கிளர்ச்சி பற்றிய நாடகம், எல்லாம் நம் சந்தாலி எழுத்தான ஓல் சிக்கியில், அவர் கையெழுத்தில். ஒரு பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. அந்த நாடகத்தின் கடைசிப் பக்கங்கள் மண்ணாகிக் கிடக்கின்றன. வெயிலில் காயவைத்திருக்கிறேன். மழை வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

மாமா வாத்தியாராக இருந்த பள்ளியில் அப்போது ஒடியாவில்தான் பாடம். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. வாய் திறக்காத பிள்ளையை மற்ற வாத்தியார்கள் மண்டு என்றால் மாமாவுக்கு ஆகவே ஆகாது. முதலில் சந்தாலியில் சொல்லிப் புரியவைத்து, அப்புறம்தான் ஒடியாவுக்குப் போவார். சாயங்காலம் நம் திண்ணையில் லாந்தர் வைத்து அந்த 30 எழுத்தும் சொல்லிக்கொடுப்பார். எல்லோருக்கும் முன்னால் எழுத்துக்கூட்டி வாசித்தது நீதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரகுநாத் முர்மு 1925-ல் அந்த எழுத்தை உருவாக்கியது நம் மயூர்பஞ்சில் என்பதில் அவருக்கு எத்தனை பெருமை! 2003 டிசம்பரில் சந்தாலியை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் சேர்க்க நாடாளுமன்றம் சம்மதித்த சேதி வந்த ராத்திரி, தமாக் முரசு அடித்துத் தெருவையே எழுப்பினாரே. பக்கத்தில் நின்று நீயும் அடித்தாய். அந்தப் பிள்ளையா இப்போது ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறது?

சோஹ்ராய் பண்டிகையில் நடந்ததை நான் கிளறவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகும் வருகிறவர்களிடமெல்லாம் உன் வேலையைப் பற்றித்தான் பேசினார். “நம் எழுத்தை 2008-லேயே கம்ப்யூட்டருக்கான யூனிகோடில் சேர்த்தாயிற்று. அவன் வந்து இதையெல்லாம் ஏற்றிவிடுவான்” என்பார். போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உன்மேல் கோபம் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார். என் அண்ணனை எனக்குத் தெரியாதா?

அழுதிருப்பாய், எனக்குத் தெரியும். தனியாக உட்கார்ந்து அழாதே. சாப்பிடாமலும் இருக்காதே.

டாடாநகரில் இறங்கி பாதாம்பஹார் ரயிலைப் பிடி. ராய்ரங்பூர் ஸ்டேஷனுக்குத் தம்பி வருவான். டிக்கெட் போட்டதும் சொல். நோட்டுகளைப் போனிலேயே படம் எடுக்கலாம் என்கிறான் தம்பி, அது சரியாக வருமா என்று நீ பார். நான்கு நாளாவது லீவு போடு. ஒரே நாளில் வந்து திரும்பினால் அந்தப் பெட்டிகளுக்குப் போதாது.

அம்மா