வளர்த்திக்கு இடம் விட்டு வாங்காதே

ராயபுரம்

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்கள் மூவரின் நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேரன் போட்டிருக்கும் உயிர்காப்பு அங்கியின் கழுத்துப்பட்டி அவன் காதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தோள் விளிம்போ முழங்கையை நோக்கி இறங்கிக் கிடக்கிறது. பிள்ளை சிரித்துக்கொண்டிருப்பதால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அங்கியோடு அவனை உங்கள் கனடாவின் மஸ்கோகா ஏரியில் கேனோ என்னும் சிறு துடுப்புப் படகில் ஏற்ற வேண்டாம். இதைத் தொலைபேசியில் சொன்னால் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய் என்பதால், உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு அளவு பெரிதாக ஏன் வாங்கினாய் என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். எம்.சி. ரோட்டுக் கடைகளில் எதை எடுத்தாலும் "வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசாகவே இருக்கட்டும்" என்று சொல்லித்தான் நான் உனக்கு எடுத்தேன். பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும் தாய்மார்கள் எல்லோரும் இன்றும் அதையே கேட்கிறார்கள். நானும் பாவாடையின் அடியில் இரண்டு மடிப்பும், சட்டையின் பக்கத் தையலில் பிரித்துவிடுவதற்கான துணியும் விட்டுத்தான் தைக்கிறேன். சீருடை தளர்வாக இருந்தால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. காலணி பெரிதாக இருந்தால்கூட முன்னால் பஞ்சு அடைத்துச் சமாளிக்கலாம். உயிர்காப்பு அங்கி ஒன்றுதான் வளர்த்திக்கு இடம் விட்டு வாங்கவே கூடாத உடை.

துணி தைக்கிறவளாக நான் புரிந்துகொண்டது இதுதான். நாம் தைக்கும் எந்த உடையும் தோளிலிருந்தோ இடுப்பிலிருந்தோ கீழ்நோக்கித் தொங்குகிறது. அதன் எடை அதைக் கீழே இழுக்கிறது, உடம்பு அதைத் தாங்குகிறது. தண்ணீருக்குள் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கி மேலே போகப் பார்க்கும், உடம்பு கீழே போகப் பார்க்கும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது வார்களின் இறுக்கம் மட்டுமே. இறுக்கம் இல்லையென்றால் அங்கி மிதக்கும், பிள்ளை அதற்குள்ளே இறங்கிக்கொண்டே போவான். முதலில் வாய் மறையும், பிறகு மூக்கு. பயத்தில் அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினால், பனியனைக் கழற்றுவதுபோல அங்கி தலைவழியாகவே கழன்றுவிடும். பெரியவர் ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்துவதற்குப் பெரும்பாலும் 3 முதல் 5.5 கிலோ வரையிலான கூடுதல் மிதப்பு விசையே போதுமாம், ஏனென்றால் மனித உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியையே கொண்டது. ஆகவே அங்கி எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்தக் கொஞ்சம் விசை நெஞ்சில் நிற்கிறதா, காதுக்கு ஏறிவிடுகிறதா என்பதே முக்கியம்.

குழந்தைகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அதை அளவு நாடா பிடித்தவர்கள்தான் சட்டென்று காண்பார்கள். உனக்கும் எனக்கும் இடுப்பு என்று ஓர் ஒடுக்கம் இருக்கிறது. வாரை அதற்கு மேல் இறுக்கினால் நிற்கும். ஆறு வயதுப் பையனுக்கு மார்பும் வயிறும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. சிறு பெண்களுக்குப் பாவாடை இடுப்பில் நிற்காது என்பதால்தான் தோளில் மாட்டும்படி மேல்துணி இணைத்துத் தைக்கிறோம். தண்ணீரில் அங்கி மேல்நோக்கி ஏறுவதால், அதற்கு எதிர்ப்பிடி கீழே இருந்து வர வேண்டும். சிறு பிள்ளைகளின் அங்கியில் கால்களுக்கு இடையே ஒரு வார் வைத்திருப்பது அதற்குத்தான். அவனுக்கு அது கூச்சமாக இருக்கிறது என்று நீ அதைப் பின்னால் மடித்துச் செருகியிருப்பதும் படத்தில் தெரிகிறது. அதை மாட்டு. அழுதாலும் மாட்டு.

அளவைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்கு வயதையோ உயரத்தையோ பார்க்காதே, எடையைப் பார். அங்கியின் உட்புறம் தைத்திருக்கும் சீட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். 14 முதல் 23 கிலோ வரை ஓர் அளவு, 23 முதல் 41 கிலோ வரை அடுத்த அளவு. பேரன் 21 கிலோ என்று சென்ற வாரம் நீயே சொன்னாய். இன்னும் இரண்டு கிலோதானே என்று நீ பெரியதை எடுத்திருக்கிறாய். அந்தப் பெரியது 41 கிலோ எடையுள்ள பிள்ளைக்கும் பொருந்த வேண்டும் என்று வெட்டப்பட்டது என்பதை நினைத்துப் பார். இப்போது சின்ன அளவையே எடு, அந்த இரண்டு கிலோ ஏறும் நாளில் பெரியதை வாங்கு. அப்போது அந்தச் சின்னதைச் சிறு பிள்ளை இருக்கும் தோழி யாருக்காவது கொடு. அதே சீட்டில் கனடா போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்குப் பொருந்தும் அங்கி இருக்க வேண்டும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். அதாவது, பொருந்தாத அங்கியைச் சட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சரியான அளவை எடுத்த பிறகும் கடையிலேயே சோதித்துவிடு. உன் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்த காலத்தில், புதிதாக வந்தவர் அங்கியை மாட்டி முடித்ததும் மூத்தவர் ஒருவர் பின்னால் வந்து அவருடைய தோள்பட்டியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்குவாராம். இன்றும் அதைவிட நல்ல சோதனை கிடையாது. முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு அவனுக்கு அங்கியைப் போடு. ஜிப் இருந்தால் மேல்வரை இழு, கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டு. பிறகு அடியில் உள்ள வாரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேல்நோக்கி இறுக்கிக்கொண்டு வா. மேலிருந்து தொடங்கினால் அங்கி அப்போதே ஏறிவிடும், கீழே இறுக்குவதற்கு ஒன்றும் இருக்காது. கால் வாரைக் கடைசியில் சரிசெய். இப்போது அவனைக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, தோள் இரண்டையும் பிடித்து அங்கியை மேலே இழு. அவனும் அங்கியோடு சேர்ந்து எழும்ப வேண்டும். அங்கி மட்டும் எழும்பி மோவாயையோ காதையோ முட்டினால், ஒன்று வார் தளர்வு, அல்லது அளவு பெரிது. வாரை இறுக்கியும் முட்டினால் அளவுதான் பெரிது. அதேபோல் மூச்சை நன்றாக இழுத்துவிட முடிகிறதா, குனிந்து துடுப்புப் போட முடிகிறதா என்றும் பார். பிறகு தரையில் உட்காரச் சொல். நின்றபோது ஒழுங்காக இருந்த அங்கி உட்கார்ந்ததும் மோவாய்க்கு ஏறுவது உண்டு. கேனோவில் அவன் நிற்கப் போவதில்லை.

இதையெல்லாம் ஏரிக்குப் போகும் நாளில் போடும் உடையோடு செய்ய வேண்டும். டி-சர்ட்டின் மேல் சரிபார்த்துவிட்டு அன்றைக்கு ஸ்வெட்டரின் மேல் மாட்டினால் வார் அளவெல்லாம் மாறிவிடும். குளிருக்கு எது போட்டாலும் அங்கி எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கட்டும்.

மே மாதத்தில் போகப்போகிறோம் என்கிறாய். வெயில் அடித்தாலும் அந்த ஏரிகளின் தண்ணீர் அப்போதும் குளிர்ந்தே இருக்கும் என்று படித்தேன். உங்கள் நாட்டில் மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த நீரில் விழுந்தவர்களுக்காக 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, அடுத்த பத்து நிமிடங்கள்தான் கைகால் நம் சொல்லைக் கேட்கும், உடம்பின் சூடு இறங்கி நினைவு தப்புவதற்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் வாய்ப்பதற்கு முதல் நிமிடத்தில் தலை மேலே இருந்தாக வேண்டும். மூச்சு திணறும்போது கால் அடியில் கிடக்கும் அங்கியை எடுத்து மாட்டுவது நடக்காத காரியம். எனவே கரையில் மாட்டியதைக் கரைக்குத் திரும்பிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஏரிதானே, கரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதே. நம் பழவேற்காடும் ஏரிதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது உனக்கும் நினைவிருக்கும்.

அடுத்து, நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: பெரியதாக வாங்கிவிட்ட அங்கியைப் பிடித்துத் தைத்துச் சின்னதாக்கலாம் என்று நினைக்காதே. உன் அம்மா தையல்காரி என்பதால் உனக்கு அந்த எண்ணம் வரும், எனக்கும் வந்தது. வெட்டியோ தைத்தோ மாற்றிய அங்கிக்கு அந்த ஒப்புதல் செல்லாது. முன்காலத்தில் இந்த அங்கிகளுக்குள் நம் தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சையே வைத்திருந்தார்கள். பஞ்சை நெகிழி உறைக்குள் அடைத்துத் தைத்ததால், ஊசி ஒன்று குத்தினாலே நீர் புகுந்து கனத்துவிடும். இப்போதைய நுரைப்பலகை தண்ணீரைக் குடிக்காது என்றாலும், வார் எந்த இடத்தில் எத்தனை தையலோடு இழுவையைத் தாங்குகிறது என்பதைச் சோதித்துத்தான் அனுமதி தருகிறார்கள். அந்தத் தையலில் கை வைக்க எனக்கே துணிவில்லை. அதன்மேல் உட்காரவும் விடாதே; நசுங்கிய நுரை முன்போல மிதக்காது. நனைந்தால் நிழலில் காயப்போடு, ஹீட்டரின் மேல் போடாதே.

ஏரிக்குப் போகும் முன் ஒருநாள் நீச்சல் குளத்தில், அவன் நெஞ்சளவு தண்ணீரில், நீ பக்கத்தில் நின்றுகொண்டு அவனை அங்கியோடு மல்லாந்து மிதக்கச் சொல்லிப் பார். வாய் நீருக்கு மேலே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்; தூக்கிப் பிடிக்கும் ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று அவனுக்கும் பழகிவிடும். பழகாத பிள்ளைகள் அங்கியோடு விழுந்தாலும் அதன்மேல் ஏறப் பார்த்துக் கைகால் உதறுகின்றன.

உன்னுடையதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரியவர்களுக்கு எடையைவிட மார்புச் சுற்றளவே கணக்கு. அக்குளுக்குக் கீழே, மார்பின் மிக அகன்ற இடத்தில், போடப்போகும் உடையின் மேலாக நாடாவைச் சுற்று. ஆண்களுக்கென்று வெட்டியது உனக்கு நெஞ்சில் பிடித்து, இடுப்பில் தொளதொளக்கும். பெண்களுக்கென்று வெட்டியதும் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கு.

மாப்பிள்ளை, இடுப்பில் பெல்ட்போலக் கட்டிக்கொண்டு தேவைப்படும்போது இழுத்து ஊதவைக்கும் வகையை வாங்கியிருக்கிறார் என்றாய். காற்றோட்டமாக இருக்கும் என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவருக்கு நீச்சல் தெரியாது. விழுந்த அதிர்ச்சியில் கயிற்றைத் தேடி இழுத்து, ஊதியதைத் தலைவழியாக மாட்டுவது நீந்தத் தெரிந்தவருக்கே சிரமம். அவருக்கு நுரை வைத்த அங்கிதான் ஏற்றது. நான் சொன்னதாகவே சொல், கோபித்துக்கொள்ள மாட்டார். சென்ற தீபாவளிக்கு அவருக்குச் சட்டை தைத்தபோது மார்பளவு 42 அங்குலம் என்று என் நோட்டில் இருக்கிறது. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு என்பதால், அந்தக் கணக்கை நம்பாமல் நீயே ஒருமுறை அளந்துகொள்.

இப்படிக்கு,
அம்மா