29-ஆவது எபிசோடு பார்த்துவிட்டேன், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் மாடிக்குப் போய்ப் பூ பறிக்கிறாள். போனில் நாம் பேசுவதெல்லாம் 'சாப்பிட்டாயா, அங்கே மழையா' என்பதோடு முடிந்துபோகிறது. இது கொஞ்சம் நீளமான விஷயம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒரு ராத்திரி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அப்பா, கெட்டவனைக் கொன்றால் தப்பா?" என்று கேட்டாய். நான் நிமிரவே இல்லை. "கார்ட்டூனைப் பார்த்துவிட்டுக் கண்டதைக் கேட்காதே, போய்ப் படி" என்றேன். நீ போய்விட்டாய். அப்புறம் அதைப் பற்றி நீ கேட்கவே இல்லை. அன்றைக்கு நான் திருத்திக்கொண்டிருந்தது ஷேக்ஸ்பியர் தாள். மேக்பெத்தை 26 வருஷம் வகுப்பில் நடத்தியவன் நான்.

தீபாவளிக்கு வந்தபோது டிவியில் நீ போட்டுக்கொடுத்துவிட்டுப் போன கணக்கில் 'டெத் நோட்' என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், இருந்தது. நீ அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் என்று பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 37 எபிசோடையும் பார்த்து முடித்துவிட்டேன். சாயங்காலம் காபி குடித்த பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு. அம்மா முதல் நாள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அதில் வரும் மரண தேவன் ரியூக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

முதல் எபிசோடிலேயே எனக்கு மேக்பெத் நாடகத்தின் முதல் அங்கம் கண்முன் வந்தது. மூன்று சூனியக்காரிகள் மேக்பெத்திடம் 'நீ ராஜா ஆவாய்' என்று மட்டும்தான் சொல்கிறார்கள். 'கொல்' என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த நினைப்பு அவனுக்குள்ளிருந்தே வருகிறது, வந்த உடனே அவனுக்கே மயிர்க்கூச்செறிகிறது. ரியூக்கும் அப்படித்தான். பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகிற அந்த நோட்டை, பொழுது போகவில்லை என்று பூமியில் போடுகிறான். அது லைட் என்ற பள்ளிக்கூடப் பையன் கையில் கிடைக்கிறது. யார் பெயரை எழுது என்று சொல்வதில்லை. நான் உன் பக்கமும் இல்லை, உன்னைத் தேடுகிற துப்பறிவாளன் எல் பக்கமும் இல்லை என்கிறான். ஆப்பிள் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறான். ஆனால் ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான்: நீ சாகும்போது உன் பெயரை என் நோட்டில் எழுதப்போவது நான்தான். வகுப்பில் எத்தனையோ பேர் 'சூனியக்காரிகள்தானே சார் அவனைக் கெடுத்தது?' என்று கேட்டிருக்கிறார்கள். ரியூக்கைக் காட்டியிருந்தால் சுலபமாகப் புரியவைத்திருக்கலாம்.

ஜப்பானுக்கு மேக்பெத் புதிதும் இல்லை. 1957-இலேயே அகிரா குரோசவா அந்தக் கதையைச் சாமுராய்களின் காலத்துக்குக் கொண்டுபோய் 'த்ரோன் ஆஃப் ப்ளட்' என்று படம் எடுத்தார். மூன்று பேருக்குப் பதிலாகக் காட்டுக்குள் உட்கார்ந்து ராட்டை சுற்றுகிற ஒரே ஒரு ஆவி. கதாநாயகனின் மனைவியாக வரும் இசுசு யமடாவின் முகம் ஜப்பானின் பழைய நோ நாடக முகமூடி மாதிரியே அசையாமல் இருக்கும். லீவுக்கு வரும்போது பார்ப்போம். இதற்காக, டெத் நோட்டை எழுதியவர்கள் மேக்பெத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சுகுமி ஓபாவும் தகேஷி ஒபாடாவும் 2003-இலிருந்து 2006 வரை வாரப் பத்திரிகையில் தொடராகச் செய்த மங்கா, அதாவது படக்கதை, அது. மேக்பெத் 1606 வாக்கில் லண்டன் மேடைக்கு வந்தது. நடுவில் 400 வருஷம். பள்ளம் ஒன்றாக இருந்தால் எந்தப் பக்கத்து மழையும் அங்கேதான் வந்து நிற்கும்.

தூக்கத்தைக் கவனித்தாயா? ராஜா டங்கனைக் கொன்றுவிட்டு வெளியே வரும் மேக்பெத், 'இனித் தூங்காதே, மேக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான்' என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான். லைட்டும் முதல் சில நாட்களில் சரியாகத் தூங்கவில்லை, உடம்பு இளைத்துவிட்டது என்று ரியூக்கிடம் சொல்கிறான். அதைச் சொல்லும்போதே நோட்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. மேக்பெத்துக்குப் போன தூக்கம் கடைசிவரை திரும்பவில்லை. லைட்டுக்குச் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. எனக்கு அதுதான் அதிக பயத்தைக் கொடுத்தது.

அப்புறம் கை. டங்கன் கொலையை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டுவதில்லை. ரத்தம் படிந்த கைகளை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். கடல் முழுக்கக் கொண்டுவந்தாலும் இது கழுவப்படுமா என்கிறான் அவன். 'கொஞ்சம் தண்ணீர் போதும்' என்று சொன்ன அவன் மனைவிதான் ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். லைட்டின் கையில் ஒரு சொட்டுக்கூடப் படுவதில்லை. அந்தச் சிப்ஸ் பாக்கெட் காட்சியில் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டேன். அவன் மேல் சந்தேகப்பட்டு அறை முழுக்கக் கேமரா வைத்திருக்கிறார்கள். வலது கையால் கணக்குப் போடுகிறான். இடது கை உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டுக்குள். உள்ளே ஒரு குட்டி டிவி, நோட்டிலிருந்து கிழித்த துண்டு. ஒரு பெயர் எழுதுகிறான், ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போடுகிறான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. நானும் அந்த மாதிரி ஒரு அறைக்கு வெளியே நின்று, உள்ளே விளக்கு எரிகிறதே, பையன் படிக்கிறான் என்று நிம்மதியாகப் போயிருக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இந்த இடத்தில் அனிமே நாடகத்தைவிடக் கடினமானது. டங்கன் நல்ல ராஜா, வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவனைக் கொல்வது பாவம் என்று கொல்லப்போகிறவனுக்கே தெரியும். லைட் முதலில் கொல்வது, குழந்தைகளைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கும் ஒருவனை. நாற்பது வினாடியில் அவன் சாகிறான், குழந்தைகள் வெளியே ஓடி வருகிறார்கள். 17 வயதில் அதைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். உனக்கு வந்தது நல்ல மனசின் அடையாளம். அதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

விடை இரண்டாவது எபிசோடிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் கொலைகளைச் செய்கிறவனுக்கு ஊர் வைத்த பெயர் கிரா. டிவியில் ஒருவன் தோன்றி, கிரா செய்வது தீமை என்கிறான். லைட்டுக்கு முகம் மாறுகிறது. உடனே பெயரை எழுதிவிடுகிறான். செத்தவன் ஏற்கெனவே மரண தண்டனை பெற்ற கைதி, எல் வைத்த பொறி அது என்பதெல்லாம் அவனுக்கு அப்புறம்தான் தெரியும். எழுதும்போது அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவன் என்னைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டான். கெட்டவர்களைக் கொல்கிறேன் என்று தொடங்கியவன், தன்னைக் கெட்டவன் என்றவனைக் கொல்ல எத்தனை நாள் ஆயிற்று பார். யார் கெட்டவன் என்கிற தீர்ப்பும் தண்டனையும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கைக்காரனைத் தொந்தரவு செய்கிற எல்லாரும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். கிராவைத் தேடி வந்த எஃப்.பி.ஐ. ஆட்கள் 12 பேர் அப்படித்தான் போனார்கள். அப்புறம் அந்த நவோமி. கல்யாணம் செய்துகொள்ள இருந்தவனைப் பறிகொடுத்துவிட்டு, கொன்றது யார் என்று தேடி வந்தவள். ஒரு பாவமும் அறியாதவள். பனி கொட்டுகிறது. நயமாகப் பேசிப் பேசி அவளிடமிருந்தே உண்மைப் பெயரை வாங்கி, எழுதி, 'நான்தான் கிரா' என்கிறான். அவள் திரும்பி நடந்து போகிறாள்.

மேக்பெத்தை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவியும் பிள்ளையும் கொல்லப்படும் காட்சியை வகுப்பில் வாசிக்கும்போது கடைசி பெஞ்சு வரை சத்தம் அடங்கிவிடும். அந்தச் சின்னப் பையன் அம்மாவிடம் குறும்பாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு நிமிஷத்தில் 'அம்மா, என்னைக் கொன்றுவிட்டான், நீ ஓடு' என்பான். டங்கனைத் தன் கையால் குத்திய மேக்பெத், நண்பன் பாங்க்கோவுக்கு ஆள் வைக்கிறான், இந்தக் குழந்தைக்கும் ஆள் வைக்கிறான். கை தள்ளிப்போகப் போகக் கொலை சுலபமாகிறது. நவோமி நடந்துபோனபோது எனக்கு அந்தப் பையனின் ஞாபகம்தான் வந்தது.

ஷேக்ஸ்பியரிடம் இல்லாத ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. நடுவில் லைட் நோட்டை விட்டுக்கொடுத்து, அதைப் பற்றிய ஞாபகம் மொத்தமும் அழிந்த பையனாக மாறுகிறானே, அந்தப் பகுதி. என்ன தங்கமான பிள்ளை! நியாயம் பார்க்கிறான், துப்பறிவாளன் எல்லோடு சேர்ந்து கொலைகாரனைத் தேடுகிறான், ஒரு பெண்ணின் அன்பைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்கிறான். அப்புறம் ஹெலிகாப்டருக்குள் நோட்டு கைக்கு வருகிறது. ஒரே ஓர் அலறல். அலறல் நின்றபோது அந்தக் கண்கள் வேறு. அந்தப் பிள்ளை பொய் இல்லை, தம்பி. நோட்டு அந்த ஜன்னலுக்கு வெளியே விழாமல் இருந்திருந்தால் அவன் அப்படித்தான் வளர்ந்திருப்பான். மேக்பெத் கொலை செய்யாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பான் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். இவர்கள் அதைச் சில எபிசோடுகள் கண்ணெதிரே நடமாடவிட்டுவிட்டுப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

இனி அந்த 29-ஆவது எபிசோடு. அதன் பெயரே 'அப்பா'.

லைட்டின் அப்பா யாகமி சோய்ச்சிரோவை எனக்கு முதலிலிருந்தே பிடித்துப்போய்விட்டது. நேர்மையான போலீஸ் அதிகாரி. மாரடைப்பு வந்து படுத்துவிட்டு எழுந்து வந்து வேலை பார்க்கிறார். மகன் மேல் சந்தேகம் வந்ததும் தன்னையும் சிறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறார். காரில் கூட்டிக்கொண்டுபோய், உன்னைக் கொன்று நானும் சாகிறேன் என்று துப்பாக்கியை நீட்டி மகனைச் சோதிக்கவும் செய்கிறார். ஆனால் அந்த நேரத்தில் தான் கிரா என்பது மகனுக்கே ஞாபகத்தில் இல்லை.

கடைசியில் குண்டடிபட்டுக் கட்டிலில் கிடக்கிறார். தன் மீதி ஆயுளில் பாதியைக் கொடுத்து வாங்கிய ஷினிகாமிக் கண்கள், அதாவது ஆளைப் பார்த்தாலே பெயரும் ஆயுளும் தெரிகிற மரண தேவனின் கண்கள், அவரிடம் இருக்கின்றன. நோட்டுக்குச் சொந்தக்காரனின் ஆயுள் அந்தக் கண்களுக்குத் தெரியாது. மகனைப் பார்க்கிறார், ஆயுள் தெரிகிறது. உரிமையை அவன் முன்கூட்டியே விட்டுக்கொடுத்திருந்த விஷயம் அவருக்குத் தெரியாது. 'நீ கிரா இல்லை' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே கண்ணை மூடுகிறார்.

டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். ரொம்ப நேரம் கழித்து அம்மா வந்து ஏன் இருட்டில் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

முதல் அங்கம் நான்காம் காட்சியில் டங்கன் ஒன்று சொல்வான். தன்னை ஏமாற்றிய ஒரு பிரபுவை நினைத்து, 'முகத்தைப் பார்த்து மனசைக் கண்டுபிடிக்க ஒரு வித்தையும் இல்லை, அவனை நான் முழுசாக நம்பியிருந்தேன்' என்பான். அவன் வாய் மூடுவதற்குள் மேக்பெத் உள்ளே வருவான். அடுத்து நம்பப்போகிறவன். அந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் நாடக ஆசிரியரின் சாமர்த்தியத்தைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். டங்கன் பக்கம் நின்று யோசித்ததில்லை. சோய்ச்சிரோவுக்கும் மகனின் மனசு தெரியவில்லை, ஷினிகாமியின் கண்ணை வாங்கியும் தெரியவில்லை.

அவர் நிம்மதியாகச் செத்தது நல்லதுதான் என்று நீ சொல்லலாம். எனக்கு அந்த நிம்மதி வேண்டாம். நீ என்ன செய்திருந்தாலும், எவ்வளவு பெரிய தப்பாக இருந்தாலும், எனக்குத் தெரிய வேண்டும். உன்னோடு அந்தப் பாரத்தைத் தூக்க எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டும்.

முடிவைப் பற்றியும் ஒன்று. மேக்பெத் கடைசியில் எல்லாம் தெரிந்து சாகிறான். வயதான காலத்தில் கூட இருக்க வேண்டிய மரியாதை, அன்பு, நண்பர்கள் எதுவும் எனக்கு இல்லை என்று அவனே கணக்குப் பார்த்துச் சொல்வான். லைட் அப்படி எதையும் சொல்வதில்லை. நாற்பது வினாடி முடியும் முன்பே ஜெயித்துவிட்டேன் என்கிறவன் அவன். ஆனால் காயத்தோடு சாயங்கால வெயிலில் தள்ளாடி ஓடும்போது, எதிரே பள்ளிக்கூடப் பையோடு ஒரு பையன் நடந்து வருகிறானே. பழைய லைட்டேதான். ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போய்விடுகிறான். வசனமே இல்லாத அந்த இடத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

பொங்கலுக்கு நீ வருவாய் என்று அம்மா இப்போதே முறுக்கு மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். என் பழைய மேக்பெத் புத்தகத்தை உன் மேஜையில் வைத்திருக்கிறேன், அந்த நான்காம் காட்சியில் பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகியிருக்கிறேன். அந்த ராத்திரி நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் இன்னும் ஏதோ சொல்ல வந்து நின்ற மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். என்ன அது? வந்ததும் சொல்லு.

அன்புடன்,
அப்பா