சட்டத் துறையை விற்பனைத் தலைவரின் கீழ் வைக்காதீர்கள்

தொழில்நுட்ப நிறுவனங்களின் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். மென்பொருள் விற்கும் நிறுவனங்களுக்குள்ளேயே இருந்து வணிக ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஒப்பந்த வழக்கறிஞர்களை விற்பனைத் தலைவரின் பொறுப்பில் விடாதீர்கள். ஒப்பந்தங்கள் விரைவாக முடியட்டும் என்றுதான் பலர் இந்த ஏற்பாட்டைச் செய்கிறார்கள். விரைவு கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் உங்கள் மேசைக்கு வந்து சேர்வதில்லை.

காலாண்டின் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேவை 99.99 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கேட்கிறார். விற்பனையாளரின் கண்ணுக்கு அது 99.9ஐ விடச் சற்றே கூடிய எண். கணக்குப் போட்டால் தெரியும்: 30 நாள் மாதத்தில் 99.9 என்றால் சேவை ஏறத்தாழ 43 நிமிடங்கள் நிற்கலாம்; 99.99 என்றால் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தரவுத்தளப் பராமரிப்புக்கே அரை மணி நேரம் வேண்டும் என்பார் பொறியாளர். அவரிடம் கேட்டறிந்து, திட்டமிட்ட பராமரிப்பை அந்தக் கணக்கிலிருந்து விலக்கி எழுதி, வாடிக்கையாளரை ஒப்புக்கொள்ள வைப்பது வழக்கறிஞரின் வேலை. அதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். அந்த அவகாசத்தைத் தர வேண்டிய விற்பனைத் தலைவருடைய ஊக்கத்தொகையோ இன்றே கையெழுத்தாவதைப் பொறுத்திருக்கிறது. வழக்கறிஞரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரும் அவரேதான்.

இழப்பீட்டுப் பொறுப்பின் வரம்பில் இது இன்னும் கடுமையாகிறது. பன்னிரண்டு மாதக் கட்டணத்துக்கு மேல் இழப்பீடு தர மாட்டோம் என்பது இத்துறையில் பரவலான வரம்பு. தரவுக் கசிவுக்கு மட்டும் வரம்பே கூடாது என்று எதிர்த்தரப்பு வற்புறுத்தும்; அவர்கள் நிலையிலிருந்து பார்த்தால் அது நியாயமானதே. ஆனால் சிறு கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கூட லட்சக்கணக்கானோரின் விவரங்களை நம் சேவையில் வைத்திருக்கக்கூடும். அந்த ஒரு பிரிவை விட்டுக்கொடுத்தால் நிறுவனத்தின் மொத்த வருவாயையும் பணயம் வைத்ததாக ஆகிவிடலாம். எப்போதும் மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காப்பீடு இருக்கலாம், அந்த வாடிக்கையாளர் அவ்வளவு முக்கியமானவராகவும் இருக்கலாம். அதை எடைபோட வேண்டியவர்கள் நீங்கள். இன்றோ அது உங்களுக்குத் தெரியாமலேயே ஓர் இரவு மின்னஞ்சலில் முடிந்துவிடுகிறது.

2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் நம் வாடிக்கையாளர் அதை, தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால் கசிவை 24 மணி நேரத்துக்குள் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் நம்மிடம் கேட்கிறார். இரவில் விழித்திருக்கும் பாதுகாப்புக் குழு நம்மிடம் உண்டா என்று விசாரிக்காமல் இதற்குத் தலையசைப்பது நேர்மையல்ல.

2010 செப்டம்பர் 14 அன்று அக்சோ நோபல் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஐரோப்பிய ஆணையம் நடத்தும் வணிகப் போட்டிச் சட்ட விசாரணைகளில், நிறுவனத்தின் ஊழியராக உள்ள வழக்கறிஞருடனான கடிதப் போக்குவரத்துக்கு இரகசியப் பாதுகாப்பு கிடையாது என்றது. நிறுவனத்தைப் பொருளாதார ரீதியாகச் சார்ந்திருப்பவருக்கு வெளி வழக்கறிஞர் அளவுக்குச் சுதந்திரம் இல்லை என்பது அதன் காரணம். அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. சம்பளம் தருபவரிடம் 'இது ஆபத்து' என்று சொல்வது கடினம்; சொன்னதால் அவருடைய ஊக்கத்தொகை குறையும் என்றால் இன்னும் கடினம். அந்தக் கடினத்தைக் குறைக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தைப் பற்றியும் ஒன்று: 'முடியாது' என்று மட்டும் எழுதி அனுப்பும் வழக்கறிஞரை நீங்கள் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. மாற்று வாசகத்தையும் அவரே தர வேண்டும், தயாரிப்பு எப்படி இயங்குகிறது என்பதையும் கற்றிருக்க வேண்டும்.

சட்டத் துறைத் தலைவர் நேரடியாகத் தலைமைச் செயல் அதிகாரியின் கீழ் இருக்கட்டும். எங்கள் ஊதியத்தில் எந்தப் பங்கும் விற்பனை இலக்கோடு பிணைக்கப்பட வேண்டாம். வழக்கமான வரம்புகளை மீறிக் கையெழுத்தான ஒப்பந்தங்களின் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை வரவழைத்துப் படியுங்கள். அடுத்த ஆண்டின் நிர்வாக அமைப்பை முடிவு செய்யும் கூட்டத்துக்கு உங்கள் வழக்கறிஞரையும் அழையுங்கள். விற்பனைத் தலைவர் இல்லாதபோது சிறிது நேரம் ஒதுக்கி அவரிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நிறுவன வழக்கறிஞர்