வீட்டை விற்கப் போகிறேன், தனம்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஜூலை 2025

அன்புள்ள தனம்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே? காவடி முடிந்த பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை என்பது மனசைக் குத்திக்கொண்டே இருந்தது. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. அந்தச் சாக்கிலாவது உன் முகத்தைப் பார்க்கிறேன்.

செய்தி இதுதான். வீட்டை விற்கப் போகிறேன். ஆமாம், இதே வீடுதான். அறுபதுகளில் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸைக் காலி பண்ணச் சொன்னபோது அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய வீடு. ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்கும் படிகள் இனி என் முழங்காலுக்கு ஆகாது. டொங்காட்டில் மகள் வீட்டுப் பின்பக்கம் தனி அறை இருக்கிறது, தனி அடுப்பும் இருக்கிறது. அடுப்பு தனி என்று தெரிந்த பிறகுதான் சரி என்றேன். உனக்குப் புரியும்.

ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது அதற்காக மட்டும் இல்லை. உன் கடைசிக் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருந்தாய்: நார்த்டேல் வீட்டையும் விற்க முடிவாகிவிட்டது, பெரியண்ணன் இருக்கிற பணத்தில் எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிவிடுவார், பின் ரூமில் ஈரம் அடித்த சுவருக்கு இரண்டு கோட் பெயிண்ட், கூரைக்கு வாடகை மெஷின் எடுத்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவது என்று. படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வாசல் கேட்டுக்குக் கொய்யாப்பழ ரோஸ் கலர் அடித்தபோதே உன் அண்ணனை யாரும் தடுக்கவில்லை. இதையாவது நீ தடுக்க வேண்டும் தனம்.

முதலில் கூரை. உங்கள் வீட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நாம் மாங்காய் ஊறுகாய்க்குத் துண்டு போட்டுக் காயவைத்த அதே ஷீட். அது உடையாமல், சுரண்டாமல் அதன் பாட்டுக்குக் கிடந்தால் பெரிய ஆபத்து இல்லை. அதன் மேல் வேகமாகத் தண்ணீர் அடித்தாலோ கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பிரிந்து காற்றிலும் முற்றத்திலும் பரவும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், நோய் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். 2008-ல் இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸையே தடை செய்துவிட்டார்கள். இருக்கிற கூரையில் வேலை செய்யவும் தனிச் சட்டம் இருக்கிறது, அதற்கென்று பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். பாசி பிடித்த கூரையைப் பார்த்து வாங்குகிறவன் ஐந்தாயிரம் ராண்ட் குறைத்துக் கேட்டால் கேட்கட்டும். உன் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் அந்தத் தூள் விழக் கூடாது.

அடுத்தது ஈரச் சுவர். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் விற்பதற்கு முன் வீட்டைச் சரிபண்ண நான் ஒதுக்கிய 15,000 ராண்டில் பெரும்பகுதி அங்கேதான் போனது. ஏஜென்ட் பெண் நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசுகிறாள். வந்த முதல் நாளே கிச்சன் அலமாரியை மாற்றுங்கள் ஆன்ட்டி, டைல் போடுங்கள் என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிச்சனுக்கே மொத்தப் பணமும் போதாது. அதோடு, புதிதாக வருகிற மருமகள் எவளாவது நான் தேர்ந்தெடுத்த அலமாரியில் சமைப்பாளா? வந்த மறுவாரமே பிடுங்கிப் போட்டுவிடுவாள். கதவுக் கீலை இறுக்கி, கைப்பிடிகளைக் கழற்றி நன்றாகத் தேய்த்துக் கழுவி மாட்டினேன். கிச்சனுக்கு அவ்வளவுதான்.

வீடு வாங்க வருகிறவர்களைப் பயமுறுத்துவது பழைய அலமாரி இல்லை, தண்ணீர்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் எவன் வீடு பார்க்க வந்தாலும் முதலில் மூலையில் கறை இருக்கிறதா என்று பார்க்கிறான். என் பின் ரூம் சுவரில் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, உனக்கு நினைவிருக்கும். பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குள் கொப்புளித்துவிடும். அதனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வைத்தேன். கூரைத் தண்ணீர் ஓடுகிற கட்டர் முழுக்க மாவிலை. இணைப்பு விட்டுப்போய், கூரைத் தண்ணீர் எல்லாம் சுவர் ஓரமே கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மேல், தம்பி அந்தக் காலத்தில் பூப்பாத்தி கட்டுகிறேன் என்று சுவரோடு மண்ணைக் குவித்தானே, அந்த மண் சுவருக்குள் ஈரம் ஏறாமல் போட்டிருக்கும் தடுப்புக்கும் மேலே போய்விட்டது. ஈரம் நேராக உள்ளே.

மண்ணை அந்தத் தடுப்புக்கு ஒரு சாண் கீழே வரும் வரை வெட்டி எடுக்கச் சொன்னேன். கட்டரைச் சுத்தம் பண்ணி, இணைத்து, தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளிப் போகிற மாதிரி குழாயை நீட்டினோம். அவ்வளவுதான் வைத்தியம். அதன் பிறகு சுவரைத் தொடவில்லை. ஜன்னலைத் திறந்துபோட்டுக் காயவிட்டேன். இந்த மழையில்லாத குளிர்காலம்தான் அதற்கு ஏற்ற காலம், அக்டோபர் வந்தால் முடிந்தது. பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்காதே, கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடு. நன்றாகக் காய்ந்த பிறகு பூச்சு உதிர்ந்த இடத்தைச் சரிபண்ணி, பிறகுதான் பெயிண்ட். பாத்ரூம் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சைக்குத் தண்ணீர் கலந்த ஜிக் பிளீச். அதோடு வினிகரையோ அம்மோனியா உள்ள வேறு எதையாவதோ சேர்த்துவிடாதே, விஷவாயு வரும்.

உன் அண்ணன் 'எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள்' என்பார். இல்லை தனம். 2022 பிப்ரவரியிலிருந்து புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் என்னென்ன குறை என்று விற்பவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாமல் ஏஜென்ட் வீட்டை விற்க எடுத்துக்கொள்ளவே கூடாது. அந்தப் படிவம் விற்பனைப் பத்திரத்தோடு சேரும். இருக்கிறபடியே விற்கிறேன் என்று ஃபுட்ஸ்டூட்ஸ் போட்டுவிட்டால் போதும் என்று அவர் நினைக்கிறார். உனக்கே தெரியாத மறைந்த குறைக்குத்தான் அது காப்பு. தெரிந்தே மூடி மறைத்து ஏமாற்றினால் அந்தக் காப்பு நிற்காது, வாங்கினவன் வழக்குப் போடலாம். சட்டத்தை விடு. நம்மைப் போலவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் யாரோ ஒரு குடும்பம் வந்து வாங்கப் போகிறது. அந்தக் குழந்தை படுக்கிற சுவர் ஊறுகிறது என்று தெரிந்தும் பெயிண்டால் மூடினால் அது பாவம். இதை நான் சும்மா சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியனைப் பெயிண்டுக்கு முன்னால் கூப்பிடு. வீடு கைமாற மின்சாரச் சான்றிதழ் கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அவன் வந்து சுவரை உடைத்து வயர் மாற்றச் சொன்னால் உன் புது பெயிண்ட் வீண். காஸ் அடுப்பு குழாயில் இணைத்திருந்தால் அதற்கும் சான்றிதழ். நம் பக்கம் மரத்தை அரிக்கும் வண்டுக்கும் பரிசோதனை கேட்பார்கள். சட்டத்தில் இல்லாவிட்டாலும் பத்திரத்தில் எழுதுகிறார்கள். பின்பக்கம் அண்ணன் கட்டின ரூமுக்கு நகராட்சி அங்கீகரித்த பிளான் இருக்கிறதா? இல்லை என்றுதான் எனக்கு ஞாபகம். வாங்குகிறவர்கள் வங்கியில் கடன் கேட்கும்போது அது கிளம்பும். அந்த வேலைக்கு மாதங்கள் ஆகும், அதனால் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் நகராட்சி அலுவலகத்துக்குப் போகச் சொல். ரேட்ஸ் என்கிற நகராட்சி வரிப் பாக்கியும் அப்படித்தான், தீர்க்காமல் பெயர் மாறாது.

விலை வைக்கும்போது ஒன்று கவனி. 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 ராண்ட் வரைக்கும் வாங்குகிறவர் டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்கிற சொத்து மாற்று வரி கட்ட வேண்டியதில்லை. உங்கள் வீடு அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் வாங்குகிறவர் அதைக் கணக்கில் வைத்துத்தான் பேரம் பேசுவார்.

போதும், தோட்டத்துக்கு வருகிறேன். இது சந்தோஷமான வேலை, காசும் அதிகம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்களை வைத்து படியோரப் பாசியைத் தேய்த்தெடுத்தோம், ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக் கம்பியைச் சிமெண்ட் வைத்து நிறுத்தினோம். வாங்க வருகிறவர் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் அந்தப் படியில்தான் இறங்குகிறார், அவருடைய அம்மாவும் இறங்குகிறாள். ஒரு செடி நடுவதை விட அந்தக் கம்பி முக்கியம் என்பேன். பிறகு நிழல் பக்கம் நீ கொடுத்த கிளைவியா. உன் வீட்டிலிருந்து வந்த அந்த ஒரு கிழங்கு என்ன பெருகு பெருகிவிட்டது! பிரித்துப் படியோரம் முழுக்க நட்டுவிட்டேன், ஆகஸ்ட் செப்டம்பரில் ஆரஞ்சாகப் பூக்கும், அப்போதுதான் எல்லோரும் வந்து வீட்டைப் பார்க்கிற ஷோ டே வைக்கிறேன். வெயில் பக்கம் அகபாந்தஸ், அதுவும் பக்கத்து வீட்டில் பிரித்தது. பங்களாதேஷ் மார்க்கெட்டில் கொத்தமல்லி, மிளகாய் நாற்று வாங்கி கிச்சன் வாசலில் வைத்தேன். கறிவேப்பிலையை ஒரு கிளை வெட்ட விடவில்லை. இங்கே வீடு வாங்குகிற எந்த நம்மவரும் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடுவார். சில்வர்கிளன் காட்டுக் குரங்குகள் மட்டும் மிளகாயைத் தவிர எல்லாவற்றையும் பிய்க்கின்றன. குப்பைத் தொட்டிக்கு மூடி கட்டினதில் பாதி அட்டகாசம் குறைந்தது.

பின் வேலியில் லன்டானா புதராக மண்டியிருந்தது. அதை வேரோடு எடுக்கச் சொன்னேன், சட்டப்படி அது இருக்கவே கூடாத செடி. ஆனால் வேம்பு மாதிரி இருக்கிற சிரிங்கா மரம் விஷயத்தில்தான் ஏஜென்ட் பிள்ளையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. வெட்டிவிடுங்கள், பார்க்கிறவர்கள் அந்நிய மரம் என்பார்கள் என்றாள். எத்தனை ஆடிக் கூழுக்கு அந்த மரத்து இலையைக் கொத்துக் கொத்தாகப் பறித்துக் கும்பத்தில் செருகியிருக்கிறோம்! உனக்கு அம்மை போட்டபோது உங்கம்மா பஸ் ஏறி வந்து இங்கேதான் வேப்பிலை என்று பறித்துப் போனார்கள். சட்டத்தையும் பார்த்தேன். அரசு விதிகளில் அது பரவும் அந்நிய இனம்தான், ஓடைக்கரையில் இருந்தால் எடுத்தாக வேண்டும். நகரத்துக்குள் ஏற்கெனவே நிற்கிற மரம் நிற்கலாம், புதிதாக நடவோ விற்கவோ பரப்பவோதான் கூடாது. ஆனால் விற்பதற்கு முன், இப்படி ஒரு மரம் இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன், படிவத்தோடு தனித்தாளில். காய் விழுந்து முளைக்கிற கன்றுகளை மட்டும் பிடுங்கிவிட்டேன். மரத்தை வெட்டுவதும் வைப்பதும் இனி வருகிறவர் பாடு. என் கையால் வெட்ட மாட்டேன்.

சாமி ரூமையும் காலி பண்ணச் சொன்னாள் ஏஜென்ட் பிள்ளை. அதில் பாதி சரி. சுவர் முழுக்க ஒட்டிக் கிடந்த பழைய காலண்டர் முருகன்களை எல்லாம் எடுத்து, பத்திரமாகச் சுற்றி, மகள் வீட்டுக்கு அனுப்பினேன். புகை படிந்த சுவரைக் கழுவினேன். காமாட்சி விளக்கு மட்டும் அதன் இடத்தில் இருக்கிறது. வருகிறவர் முஸ்லிமோ ஜூலுக் குடும்பமோ, எவராக இருந்தாலும் இந்த வீட்டில் விளக்கேற்றி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால் அதில் என்ன குறைந்துவிடும்?

உன் வீட்டுக்கு நான் சொல்வது: கட்டர், சுவர், எலக்ட்ரீஷியன், பிளான், கடைசியில் பெயிண்ட். கலரை நீ தேர்ந்தெடு. அண்ணனை விடாதே. கைப்பணம் குறைந்தால் பெயிண்டை முன் ரூமுக்கும் வாசலுக்கும் மட்டும் அடி.

அந்த மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். கட்டியிருந்தால் போனாலும் போகட்டும், கூரையில் ஏற விடாதே. பதில் கடிதம் வரும் வரை காத்திருக்க என்னால் முடியாது, இது கிடைத்த அன்றே போன் பண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பண்ணினாலும் எடுப்பேன்.

உன்
செல்லம்