படி ஏறுறார், டிரெயின்ல ஏற முடியலை

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை பார்க்கின்சன் வியாதி பத்தி போட்ட கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கை நடுக்கத்தை மட்டும் சொல்லிட்டு விட்டுட்டீங்க. எங்க பெரியப்பாவுக்கு நடுக்கம் கம்மிதான். மாட்டுங்கா ஸ்டேஷன் பிரிட்ஜ் படியெல்லாம் கடகடன்னு ஏறிடுவார், டிரெயின் கதவுகிட்ட வந்ததும் கால் எடுக்கவே வராது, பின்னாடி கூட்டம் ‘சலோ சலோ’ன்னு கத்தும், கத்தக் கத்த இன்னும் மோசம்.

மூளைக்குள்ள ஆழத்துல பேசல் கேங்லியான்னு இருக்கு. காலை எடுன்னு ஆர்டர் போறது மேல்மூளையிலிருந்துதான், ஆனா எந்த அசைவை விடணும் எதை அமுக்கணும்னு பாக்குறதுல இதுக்குப் பெரிய பங்கு, நாம சிவனேன்னு உக்காந்திருக்கும்போதும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கும், வேணுங்கிற அசைவுக்கு மட்டும் தளர்த்தும். அப்படித் தளர்த்த டோபமின்ங்கிற மூளை ரசாயனம் வேணும், அது கம்மியானா பிரேக் சரியா தளராது. அதைத் தயாரிக்கிற, மூளையில சப்ஸ்டான்ஷியா நைக்ராங்கிற பகுதியில இருக்கிற செல்கள் கணிசமா அழிஞ்சப்புறம்தான் வியாதியே வெளிய தெரியுது, கொடுமை.

படி மட்டும் எப்படி ஏறுறார்னா, ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியிற குறி, அதைப் பாத்து கால் வைக்கிறப்ப மூளை வேற ரூட்டைப் புடிச்சுக்குது. அதனால வீட்ல பாத்ரூம் வரைக்கும் தரையில குறுக்குக் குறுக்கா கலர் டேப் ஒட்டியிருக்கோம், தாண்டித் தாண்டிப் போயிடுறார். இந்த வியாதிக்குக் குடுக்கிற, மூளையில டோபமினா மாறுற லெவோடோபா மாத்திரையை பருப்பு முட்டையோட சேத்துப் போட்டா சில பேருக்கு சரியா வேலை செய்யாது, நேரத்தை டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். அடுத்த வாட்டி இதையும் போடுங்க சார்.

– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை