ராத்திரிச் சாப்பாட்டை விடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நேற்றும் மாப்பிள்ளைதான் ஃபோனை எடுத்தார், நீ தூங்குவதாகச் சொன்னார். எட்டரைக்கே தூங்குகிற பிள்ளையா நீ? சரி, அசதியாக இருக்கும்.

ராத்திரி சாப்பிடுகிறாயா? அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பா பிரிக்காமலே இருக்கிறதாமே. ஐந்தாம் மாதம் இது. இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்கள் குழந்தையின் கணையத்தில் எட்டு, ஒன்பது வாரத்திலேயே தலைகாட்டிவிடும். இப்போது அவை பெருகும் காலம். சினை எலிகளுக்குப் புரதம் குறைந்த தீனி போட்டபோது குட்டிகளுக்கு அந்த செல்கள் குறைந்துபோயின. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தை மறித்ததால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தால், குளுக்கோஸ் குடித்த பிறகு ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக நின்றது. சர்க்கரை வியாதிக்கார அப்பத்தாவின் காலைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

நீ டீம் லீடர் ஆனதை மளிகைக்கடை வரை சொல்லிவிட்டேன். அதற்காகப் பட்டினியோடு மீட்டிங்கில் உட்காரச் சொன்னது யார்? ஒரு முட்டை அவிக்க எவ்வளவு நேரமாகும்?

இன்னொன்று. மனசு கஷ்டப்பட்டால் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதில் பெரும்பகுதியை வீரியமில்லாத கார்டிசோனாக மாற்றிவிடும். எலிகளில் தாய்க்குப் புரதம் குறைந்தால் அந்த நொதியும் குறைகிறது. மிஞ்சிய ஹார்மோன் குட்டிக்குள் போய் பீட்டா செல் உருவாவதையே தடுக்கிறது. ஆக, சாப்பாடும் கவலையும் தனித்தனிக் கணக்கு இல்லை. பயமுறுத்த எழுதவில்லை. எலிக்கு மூன்று வாரத்தில் பிரசவம், அதை அப்படியே உனக்குப் பொருத்த முடியாது. ஒருநாள் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அழுதாயா? உன் குரல் சரியில்லை என்று அம்மா சொல்கிறாள். மாப்பிள்ளை நல்லவர்தான், நான் ஒன்றும் கேட்கவில்லை.

24 வாரம் முடிந்ததும் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு அம்மா வருவாள், ஒரு மாதம் உன்னோடு இருக்கட்டும். இல்லையென்றால் நீ இங்கே வந்துவிடு. ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டோம், நானும் கேட்க மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம். அடுத்த தடவை ஃபோனை நீயே எடு. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே.

அப்பா