பன்குளத்துச் சோளனும் பழைய மாட்டுப் பட்டியும்

திருகோணமலை
மாசி கடைசி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தபோது முற்றத்தில் சோளன் உதிர்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரல் தோல் போய்விட்டது. எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். அம்மப்பா ஆகிவிட்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தோம். சித்திரைக்குள் செட்டிகுளம் வந்து பேரனைப் பார்க்கிறோம்.

'சேதன முறையில், இரசாயனம் இல்லாமல், செய்ய எந்தச் சோளன் நல்லது?' என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். போன பெரும்போகம் முழுவதும் எனக்கு அந்தக் கேள்வியோடுதான் கழிந்தது.

பன்குளத்து மேட்டுக்காணியில் நாலு வகை ஊன்றினேன். பத்ரா, ருவன், கடையில் வாங்கிய கலப்பினம் ஒன்று, வெருகல் பெரியம்மா வீட்டில் தலைமுறையாக வைத்திருக்கும் வெள்ளைச் சோளன். மாட்டெருவும் கிளிரிசிடியாத் தழையும் தவிர வேறு பசளை இல்லை. கலப்பினம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வளர்ந்தது. பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர் இரவில் யூரியா போடுகிறார் போல" என்றார். 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து, கார்த்திகையில் தடையை விலக்கினார்களே, அந்தப் போகத்தில் நொந்தவர் அவர். சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்னும் முகம் சுளிப்பார். அவரே வாயைப் பிளந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் பெருமையை உடைத்தது வீட்டுக்காரிதான். "கலப்பினம் போட்ட அந்த நாலு வரியும் பழைய மாட்டுப் பட்டி நின்ற இடமல்லவா?" என்றாள்.

உண்மைதான். பல வருடச் சாணம் இறங்கிய மண். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன், பரிசோதனையில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவன், தன் காணியில் இதைக் கவனிக்கவில்லை. ஆகவே எது கூட விளைந்தது என்று நான் சொன்னால் நம்பாதே. அடுத்த முறை ஒவ்வொரு வகையையும் மூன்று வெவ்வேறு இடங்களில் போடப் போகிறேன். பொத்தியாக நிறுக்காமல் உதிர்த்துக் காயவைத்து நிறுப்பேன். ஈர மணி தராசை ஏமாற்றிவிடும்.

ஆனாலும் பட்டி மண்ணால் மறைக்க முடியாத சில இருந்தன. அதில் முக்கியமானது பொத்தியை மூடும் மடல். கலப்பினத்துப் பொத்தி பெரிது, ஆனால் மடல் நுனியை மூடவில்லை. நின்ற நிலையிலேயே கிளி கொத்தியது, வண்டும் ஏறியது. வெள்ளைச் சோளனோ சிறிய பொத்தி. மடல் நுனியைத் தாண்டி முறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. மருந்து தூவாமல் மூட்டையில் வைத்துக்கொள்ள நினைக்கிறவனுக்கு அது பெரிய சொத்து. ருவனும் பத்ராவும் இரண்டுக்கும் நடுவில். அவற்றின் கீழ் இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகின. நைதரசன் போதவில்லை என்று பயிர் சொல்லும் பாஷை அது. அடுத்த முறை முன்கூட்டியே கௌபி போட்டு மண்ணில் மடித்துவிட வேண்டும். குருத்தைத் தின்னும் படைப்புழு மட்டும் பாரபட்சம் காட்டவில்லை; 2018 இல் நாட்டுக்குள் வந்ததிலிருந்து அதற்கு எல்லாச் சோளனும் ஒன்றுதான். காலையில் குருத்துக்குள் சாம்பலும் மணலும் போட்டு ஓரளவு காப்பாற்றினேன்.

இனி விதை. கலப்பினத்தில் எடுத்து ஊன்றினால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது. வருடா வருடம் கடைக்குப் போக வேண்டும். மற்ற மூன்றிலும் எடுக்கலாம் என்றுதான் நம்பியிருந்தேன். நான்கையும் ஒட்டினாற்போல் போட்டது என் இரண்டாவது மடைமை. சோளன் மகரந்தம் காற்றில் போகிறது; இருநூறு மீற்றராவது இடைவெளி வேண்டும், அல்லது மூன்று நான்கு கிழமை முன்பின்னாக ஊன்ற வேண்டும். வெள்ளைப் பொத்தியை உரித்தபோது நடுநடுவே மஞ்சள் மணி, பல்லுக்கிடையில் தங்கப் பல் வைத்ததுபோல். பத்ராவிலும் ருவனிலும் கலந்திருக்கும், ஆனால் மஞ்சளோடு மஞ்சள், யாருக்குத் தெரியும்? அவற்றை அவித்தும் இடித்தும் தின்று தீர்க்கிறோம்.

வெள்ளையில் மஞ்சள் அப்படியே முகத்தைக் காட்டிவிடுவதால் பொறுக்கி எடுக்க முடிகிறது. மூன்று நாளாக அதுதான் வேலை. நல்ல வெள்ளை மணியாக ஒரு கொத்து உனக்குக் கொண்டுவருகிறேன். உன் அயலில் வேறு சோளன் நிற்கிறதா என்று அதற்குள் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய மேசைக்காரன்